ஏற்காட்டுக்கு மலை சைக்கிள்: புதுப் பாகங்களில் எதை மாட்டலாம், எதை விட்டுவிடலாம்

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனால் காபித் தோட்டத்து மண் தடம், சில்வர் ஓக் சருகு, மழை பெய்தால் சோப்பாய் வழுக்கும் செம்மண். கீழே சேலம் பக்கம் வந்தால் நெருஞ்சியும் சீமைக் கருவேலமும். மலை சைக்கிளில் புதுப் பாகம் எது வந்தாலும் இந்த மூன்றிடத்திலும் அது என்ன செய்யும் என்று பார்த்துத்தான் காசை எடுக்க வேண்டும்.

பெரும்பாலானவர்களிடம் இருப்பது முன்னால் மூன்று, பின்னால் ஏழோ எட்டோ பல்சக்கரம், 160 மி.மீ. கேபிள் டிஸ்க் பிரேக், டியூப் போட்ட டயர் கொண்ட ஹார்ட்டெயில், அதாவது பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிள். அதைக் கழித்துவிட்டுப் புதுசு வாங்க அவசரமில்லை. முதலில் பிரேக், அப்புறம் டயர், அதற்கப்புறம் கியர், கடைசியில் ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் டிராப்பர். கடைக்குப் போகிறவர்கள் கியரில்தான் ஆரம்பிக்கிறார்கள். அது தலைகீழ்.

பிரேக்

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சுமார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் ஆற்றல், அறை வெப்பத்தில் இருக்கும் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கொஞ்சம் காற்றோடு போகும். மீதி முழுக்க இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகளுக்குள் போகிறது. எனவே முன்பக்கம் 160 டிஸ்க்கைக் கழற்றி 180 போடுங்கள். விட்டம் எட்டில் ஒரு பங்கு கூடுகிறது, அதே விரல் அழுத்தத்துக்குப் பிடியும் அந்த அளவு கூடுகிறது. சூடு ஆறவும் இரும்பு கூடுதலாகக் கிடைக்கிறது.

வேண்டியவை: 180 டிஸ்க், 160-லிருந்து 180-க்கு மாற்றும் அடாப்டர், அதற்கான நீள போல்ட்டுகள், டி25 டார்க்ஸ் சாவி. உங்கள் ஹப் (சக்கரத்தின் மையப் பகுதி) ஆறு போல்ட்டா, ஒரே வளையத்தால் பூட்டும் சென்டர்லாக்கா என்று முதலில் பாருங்கள், இரண்டுக்கும் டிஸ்க் வேறு. ஃபோர்க் தயாரிப்பாளர் 180 வரை அனுமதித்திருக்கிறாரா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஆறு போல்ட்டுகளையும் வட்டமாக வரிசையில் இறுக்காமல் எதிரெதிராக, நட்சத்திரக் கோலம் போடுகிற மாதிரி, 4 முதல் 6 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்குங்கள்.

டிஸ்க்கைத் திருப்பி அதில் பொறித்திருப்பதை வாசியுங்கள். "ரெசின் பேட் ஒன்லி" என்று இருந்தால் அதில் மெட்டல் பேட் போடக் கூடாது. டிஸ்க் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஏற்காட்டு இறக்கத்துக்கு மெட்டல் பேட் சூட்டைத் தாங்கும், மழையிலும் பிடிக்கும், ஆனால் கீச்சிடும். ரெசின் அமைதியாக இருக்கும், நீண்ட இறக்கத்தில் பிடி தளரும். சத்தத்தைப் பொறுத்துக்கொள்வது நல்லது.

புது பேட் மாட்டிய அன்றே மலையிறங்கக் கூடாது. சமதளத்தில் மணிக்கு 20 கி.மீ. வேகம் பிடித்து, சக்கரம் பூட்டாமல், நடை வேகத்துக்கு வரும்வரை பிரேக்கை அழுத்துங்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் இருபது தடவை. இதைச் செய்யாமல் இறங்கினால் பேட் மேல் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு ஏறிவிடும். அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது, "பிரேக் கம்பெனி சரியில்லை" என்ற புலம்பல்தான் மிஞ்சும். செயினுக்கு ஸ்ப்ரே எண்ணெய் அடிக்கும்போது டிஸ்க்கில் பட்டாலும் இதே கதி.

கேபிள் டிஸ்க்கில் பெரும்பாலும் ஒரு பக்க பேட்தான் நகரும். உள்பக்க பேட்டை அவ்வப்போது ஆலன் கீயால் டிஸ்க்குக்கு அருகே கொண்டுவர வேண்டும். பலர் இதைச் செய்யாமல் கேபிளை மட்டும் இழுத்து இழுத்துப் பார்க்கிறார்கள். ஹைட்ராலிக்குக்கு மாறுவது இதைவிட நல்ல செலவு. அதில் ஒரே ஒரு விஷயத்தில் மிகக் கவனம் தேவை: ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில்தான். ஸ்ராமின் பழைய பிரேக்குகளுக்கு டாட் 5.1. புது மேவன், டிபி8 ஆகியவற்றுக்கு மினரல் ஆயில். மோட்டார் உதிரிக் கடையில் கிடைக்கும் கார் பிரேக் திரவத்தை மினரல் ஆயில் பிரேக்கில் ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல் உப்பிவிடும், லீவர் திரும்பி வராது, மொத்த பிரேக்கையும் தூக்கி எறிய வேண்டியதுதான். டாட் திரவம் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்சக் கொதிநிலை இறங்கும். ஏற்காட்டு மூடுபனியில் ஓட்டுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

டயர்: டியூப் வேண்டாம்

நெருஞ்சி முள் எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே நிற்கும். இதற்கு டியூப்லெஸ்ஸைத் தவிர நல்ல மருந்து கிடையாது. அத்தோடு, டியூப் இருந்தால் காற்றைக் குறைக்க முடியாது. குறைத்தால் கல்லில் மோதும்போது ரிம் டியூபை இரண்டு இடத்தில் கடித்துவிடும். டியூப்லெஸ்ஸில் 70 கிலோ ஆள், 29 அங்குலச் சக்கரம், 2.3 டயருக்கு முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐயில் ஆரம்பிக்கலாம். ஈரச் செம்மண்ணிலும் காபித் தோட்டத்து வேர்களிலும் இந்த வித்தியாசத்தை முதல் நூறு மீட்டரிலேயே உணரலாம். அடுத்தடுத்த சவாரியில் ஒரு பிஎஸ்ஐ கூட்டிக் குறைத்து உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள்.

ரிம்மும் டயரும் டியூப்லெஸ் ரெடி என்று இருக்க வேண்டும். மலிவு ஒற்றைச் சுவர் ரிம்மில் டயர் விளிம்பைப் பிடித்துவைக்கும் மேடு இருக்காது. வளைவில் டயர் கழன்றால் கதை முடிந்தது. அப்படிப்பட்ட ரிம் என்றால் இந்த வேலையை விட்டுவிடுங்கள்.

ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். டேப்பின் அகலம் ரிம்மின் உள் அகலத்தைவிட 2 முதல் 5 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். வால்வு ஓட்டைக்கு ஒரு சாண் முன்பே ஆரம்பித்து, நன்றாக இழுத்துப் பிடித்தபடி ஒரு சுற்று, வால்வைத் தாண்டி இன்னொரு சாண் மேலே ஏற்றி ஒட்டுங்கள். வால்வுக்குக் கத்தியால் கீற வேண்டாம், கீறல் நீண்டுகொண்டே போகும். ஆணி முனையைச் சூடாக்கி ஒரு சின்னத் துளை போடுங்கள். வால்வு நட்டை விரலால் மட்டும் இறுக்குங்கள். பிளையர் போட்டால் வழியில் பஞ்சராகி டியூப் போட வேண்டிவந்தால் கழற்ற முடியாது.

முதல் தடவை சீலன்ட் (ஓட்டையைத் தானாக அடைக்கும் திரவம்) இல்லாமல், டயர் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றடியுங்கள். "டப், டப்" என்று இரண்டு பக்கமும் ஏறி உட்கார்ந்த பிறகு காற்றை விட்டு, வால்வு உள்ளூசியைக் கழற்றி, சிரிஞ்சால் 100 முதல் 120 மி.லி. சீலன்ட்டை ஏற்றுங்கள். மறுபடி காற்றடித்துச் சக்கரத்தைச் சுற்றி, ஒரு வாளி மேல் ஒவ்வொரு பக்கமாக ஐந்து நிமிடம் படுக்க வையுங்கள். கைபம்பில் டயர் ஏறவில்லை என்றால் பஞ்சர் கடை கம்ப்ரஸர் உதவும். அதற்கு பிரெஸ்டா வால்வில் திருகும் சின்னப் பித்தளை அடாப்டர் பையில் இருக்க வேண்டும். லாரி டயருக்கு அடிக்கிற வேகத்தில் அடிக்க விடாதீர்கள். விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். டயரிலும் ரிம்மிலும் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டவே கூடாது.

ஸ்போக் நிப்பிள் வழியே குமிழி வந்தால் டேப்பில் ஓட்டை என்று பொருள், சீலன்ட் மேல் பழி போடாதீர்கள். டயர் பக்கச் சுவர் முதல் நாள் வியர்த்தால் அது இயல்பு. சேலத்து வெயிலில் சீலன்ட் காய்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், சளசளப்பு கேட்கவில்லை என்றால் 60 மி.லி. ஊற்றுங்கள்.

கியர்: முன்னால் ஒன்று போதுமா?

போதும். 2012-இல் ஸ்ராம் எக்ஸ்எக்ஸ்1 முன்னால் ஒரே பல்சக்கரத்தோடு வந்தபோது இருந்த சந்தேகங்கள் நியாயமானவை. இன்று கணக்கே பதில் சொல்கிறது. பழைய சைக்கிளில் மிக இலகுவான கியர் முன்னால் 22, பின்னால் 34 பல் என்றால் விகிதம் 0.65. புதிதில் முன்னால் 30, பின்னால் 48 என்றால் 0.63. ஏற்றத்தில் எதுவும் இழக்கவில்லை. இழப்பது மேல் வேகத்தில்: 30-க்கு 11 கியரில் நிமிடத்துக்கு 90 மிதி மிதித்தால் 29 அங்குலச் சக்கரத்தில் மணிக்குச் சுமார் 34 கி.மீ. நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுகிறவர் இதற்கு மாற வேண்டாம்.

வாங்குவதற்கு முன் பின்சக்கரத்தைக் கழற்றிப் பற்களைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். நடுவில் சாவி பொருந்தும் பள்ளமும் பற்களோடு சேர்ந்து சுற்றினால் அது கேசட். பள்ளம் சும்மா நிற்க, பற்கள் மட்டும் சுற்றினால் அது மரையில் திருகிய ஃப்ரீவீல். ஃப்ரீவீல் என்றால் புது ஹப்போ சக்கரமோ இல்லாமல் இந்த மாற்றம் நடக்காது. கேசட் ஹப் என்றால், 10 பல்லில் ஆரம்பிக்கும் கேசட்டை மறந்துவிடுங்கள். அதற்கு ஷிமானோவின் மைக்ரோ ஸ்ப்லைன் அல்லது ஸ்ராமின் எக்ஸ்டி (XD) ஹப் வேண்டும். ஷிமானோவின் பழைய எச்ஜி வகை ஹப்பில் நேராக ஏறுபவை: மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் எக்ஸ் 10 கியர், 11-48, ஷிமானோ டியோர் எம்5100 11 கியர், 11-51. 2023-இல் வந்த ஷிமானோ க்யூஸ் லிங்க்கிளைடும் ஏறும். அதன் பற்கள் தடிமன், சீக்கிரம் தேயாது, மேக்னசைட் சுரங்கப் பக்கத்துத் தூசியில் ஓட்டுகிறவர்களுக்கு ஏற்றது. ஆனால் அதன் ஷிஃப்டரைப் பழைய எச்ஜி பாகங்களோடு கலக்க முடியாது. ஷிஃப்டரும், செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் டெரெய்லரும் எப்போதும் ஒரே குடும்பமாக இருக்கட்டும். ஒவ்வொரு குடும்பமும் கேபிளை ஒவ்வோர் அளவு இழுக்கும்.

மலிவு சைக்கிள்களில் முன் பல்சக்கரங்கள் ரிவெட் அடித்தவை, தனியாகக் கழற்ற வராது. அப்போது கிராங்கையே மாற்ற வேண்டும். புதுப் பல்சக்கரம் நேரோ-வைடு (ஒல்லியும் தடியுமாக மாறி மாறிப் பல் உள்ள) வகையாக, டெரெய்லர் செயினைத் தொய்யவிடாத கிளட்ச் உள்ளதாக இருக்கட்டும். இரண்டும் இல்லாவிட்டால் கல் தடத்தில் செயின் விழும்.

மாட்டும் வரிசையில் முதலில் வருவது ஹாங்கர். டெரெய்லர் தொங்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு இரண்டு மி.மீ. வளைந்திருந்தாலும் பழைய எட்டு கியரில் தெரியாது, பதினொன்றில் ஒவ்வொரு கியரிலும் முனகும். அதை நிமிர்த்திய பிறகு எச் திருகாணி (சின்னப் பல் பக்க எல்லை), கேபிள் இறுக்கம், எல் திருகாணி (பெரிய பல் பக்க எல்லை), கடைசியில் பி திருகாணி. பி திருகாணியைத் தொடாமல் விடுவதுதான் உள்ளூரில் அடிக்கடி நடக்கும் தவறு: டெரெய்லரின் மேல் உருளை பெரிய பல்லில் உரசும், அல்லது வெகுதூரம் விலகிச் செயின் ஏற மறுக்கும். செயின் நீளத்தைப் பழைய செயினை வைத்து வெட்டாதீர்கள். முன் பல்சக்கரத்தையும் பின்னால் மிகப் பெரிய பல்சக்கரத்தையும் சுற்றி, டெரெய்லர் கையேடு சொல்லும் கண்ணிகளைக் கூட்டி வெட்டுங்கள். குட்டையாக வெட்டினால் பின்னால் பெரிய பல்லுக்கு மாறும் நொடியில் டெரெய்லர் பிய்ந்துகொண்டு வரும்.

டிராப்பர்

இடப்பக்க ஷிஃப்டர் போனதும் அந்த இடம் காலி. அங்கே டிராப்பர் லீவரை மாட்டலாம். செங்குத்து இறக்கத்தில் சீட் வயிற்றில் குத்தாமல் கீழே போவது, இதுவரை வந்த மாற்றங்களிலேயே அதிகம் பயம் நீக்கும் மாற்றம். சீட் போஸ்ட்டில் பொறித்த விட்டத்தைப் பாருங்கள்: 27.2, 30.9, 31.6. ஃபிரேமில் கேபிள் போக ஓட்டை இல்லை என்றால் வெளிக் கேபிள் வகை வாங்குங்கள், ஃபிரேமைத் துளைக்க வேண்டாம். கிளாம்ப்பை 5, 6 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கினால் டிராப்பர் மெதுவாகத்தான் ஏறும். பாகத்தில் குறை என்று திருப்பிக் கொடுக்கப்படுவதில் சில இதுதான்.

புது ஃபிரேம் வாங்குவதானால்

திருகும் பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுழலும் பேரிங்), பின்னால் 148 மி.மீ. பூஸ்ட் ஆக்ஸில், பல கம்பெனி ஃபிரேம்களுக்கும் பொதுவான யுடிஎச் ஹாங்கர் மூன்றும் இருந்தால் வாங்கலாம். யுடிஎச் 2019-இல் வந்தது. வளைந்தால் அதே துண்டு எங்கிருந்தும் வரவழைக்கலாம் என்பதே அதன் அருமை. ஸ்ராமின் புது மின் டெரெய்லருக்காக மட்டும் அதைத் தேடுவது வேறு கணக்கு.

ஹெட்செட் (ஹாண்டில்பார் திரும்பும் பேரிங்) வழியே கேபிள் நுழையும் ஃபிரேம்களை வேண்டாம் என்றே சொல்வோம். பார்க்க அழகு. ஆனால் இரண்டு பருவமழையும் பனியும் பார்க்கும் மலையில் மேல் பேரிங் துருப்பிடிக்கும். அதை மாற்ற பிரேக் ஹோஸைக் கழற்ற வேண்டும், மாட்டியபின் காற்றெடுக்க வேண்டும். பதினைந்து நிமிட வேலை அரைநாளாகிறது.

ஃபோர்க் சாய்ந்து நிற்கும் ஹெட் கோணம் 64 டிகிரி வரை சாய்ந்துவிட்டது. பெரிய குன்றுகளில் லிஃப்ட் ஏறிப்போய் இறங்குகிறவர்களுக்கு அது சரி. நாம் மிதித்து ஏற வேண்டும். மெதுவான ஏற்றத்தில் முன்சக்கரம் தானாக ஒருபக்கம் சாயும். 66, 67 டிகிரி இங்கே போதும். ஆனால் சீட் குழாய் கோணம் 75-க்கு மேல் நிமிர்ந்ததை மறுக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், ஏறும்போது முன்சக்கரம் தூக்காது. முன்னால் 29, பின்னால் 27.5 கலப்பெல்லாம் ஹார்ட்டெயிலுக்குத் தேவையில்லை. சத்தமிடும் ஹப்பைக் கிண்டல் செய்தவர்களும் காட்டெருமை நடமாடும் தடத்தில் அதை விரும்புவார்கள். இல்லாதவர்கள் மணி கட்டிக்கொள்ளலாம். தோட்டத் தடங்கள் தனியார் நிலம், காப்புக்காடு வனத்துறையுடையது. அனுமதி கேட்டுவிட்டே நுழையுங்கள்.

எல்லாம் மாட்டிய பின் முதல் இறக்கத்தில் ஐந்து வளைவுக்கு ஒருமுறை ஓரமாக நில்லுங்கள். டிஸ்க்கில் விரல் வைக்காமல் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று ஆவியானால் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள். அடுத்த ஐந்து வளைவில், வளைவுக்கு முன்பே இறுக்கிப் பிடித்து வேகத்தைக் குறைத்து, நேர்பாதையில் முழுதாக விடுங்கள். லீவர் ஹாண்டில்பாரைத் தொட ஆரம்பித்தால் ஆறும்வரை அங்கேயே நிற்க வேண்டும். பேருந்து வளைவில் திரும்பும் இடத்தை விட்டுத் தள்ளி.