லைட் போடாமலே மருந்து கசிஞ்சுது, சரி பண்ணது இப்படித்தான்

சென்னை லேப்ல நாங்க பண்றது வெளிச்சம் பட்டா உடையுற பாலிமர் நானோ துகள், ஆர்த்தோ நைட்ரோபென்சில்ங்கிற, வெளிச்சத்துல அறுந்துபோற வேதி இணைப்பு வெச்சது, 365 நானோமீட்டர் எல்இடி போட்டாதான் உள்ள இருக்கிற டாக்ஸோரூபிசின்ங்கிற புற்றுநோய் மருந்து வெளிய வரணும். ஆனா லைட் போடாத சாம்பிள்லயும் கசிஞ்சுட்டே இருந்துச்சு, அதுவும் மதியத்துல ஜாஸ்தி, அப்பதான் புரிஞ்சுது, ஜன்னல் வெயில்! சாதா கண்ணாடி 365 பக்கம் இருக்கிற யூவிஏவ (ஒரு வகை புற ஊதா ஒளி) பெரும்பாலும் உள்ள விட்டுடும், நம்ம ஊரு வெயிலுக்கு கேக்கவா வேணும். பழுப்பு பாட்டில், மருந்து கசியுறத அளக்குற டயாலிசிஸ் பீக்கர் முழுக்க அலுமினியம் ஃபாயில், மத்த வேலையெல்லாம் சிவப்பு எல்இடில, கசிவு நல்லா குறைஞ்சுடுச்சு. டாக்ஸோரூபிசினே வெளிச்சத்துல கெட்டுப்போகும், அதுக்கும் இது நல்லது. உடம்பு சூடான 37 டிகிரில மருந்து கொஞ்சம் தானா வரும், அதுக்கு முழு இருட்டுல ஒப்பிட ஒரு கண்ட்ரோல் சாம்பிள் கண்டிப்பா வைங்க. இன்னொன்னு, 365 தோலுக்குள்ள ஆழமா போகாது, உடம்புக்குள்ளனா இன்னும் ஆழமா போற 700-900 நானோமீட்டர் வெளிச்சத்துல வேலை செய்யிற அமைப்புதான் தேடணும்.