தமிழில் எழுதிய மென்பொருள் வழிகாட்டிக்குப் பக்க வடிவம் அமைப்பது

ஆவணத் தளங்களுக்குக் கிடைக்கும் ஆயத்த தீம்கள் (பக்க வடிவமைப்புத் தொகுப்புகள்) பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றில் தமிழை இட்டதும் முதலில் அடிபடுவது வரி இடைவெளி. 'கு', 'ழு' ஆகியவற்றின் வளைவு கீழே இறங்கும். அடுத்த வரியின் புள்ளியும் 'கீ'யின் சுழியும் மேலேறி அதில் முட்டும். பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸில், வரி உயரமான லைன்-ஹைட்டை 1.7 அல்லது 1.8 ஆக வையுங்கள், அலகு சேர்க்காமல் வெறும் எண்ணாக. பிக்சலில் கொடுத்தால் பத்திக்கு வைத்த அதே உயரம் தலைப்புக்கும் போய்ச் சேரும்; இரண்டு வரித் தலைப்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். தலைப்புக்குத் தனியாக 1.4 கொடுக்கலாம்.

எழுத்தளவை 1.1 ரெம் என்று தொடங்குங்கள்; ரெம் என்பது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவின் மடங்கு. பிக்சலில் கட்டிப்போட்டால், பார்வை குறைந்தவர் உலாவி அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தாலும் உங்கள் பக்கத்தில் அது எடுபடாது. பத்தியின் அகலம் 40 ரெம்மைத் தாண்ட வேண்டாம். இருபுறமும் சீராக்கவும் வேண்டாம்: தமிழ்ச் சொற்கள் நீளமானவை, நடுவில் ஓட்டைகள் விழும்.

சாய்வெழுத்தைத் தவிருங்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அது கிடையாது. உலாவி நேரெழுத்தையே இழுத்துச் சாய்க்கும். அழுத்தம் தடித்த எழுத்தில் போதும். ஆனால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் 400 (சாதாரணம்), 700 (தடித்தது) ஆகிய இரண்டு எடைகளையும் ஏற்றுங்கள். 700 இல்லையென்றால் உலாவி கோடுகளைத் தானே பருக்கவைத்து, 'ண'வின் சுழிகளை அடைத்துவிடும்.

நிரல் துண்டுக்கு எழுத்துரு மோனோஸ்பேஸ் (எல்லா எழுத்தும் ஒரே அகலம்) என்று மட்டும் எழுதினால் உலாவியின் இயல்பளவு 16 பிக்சலிலிருந்து 13க்கு இறங்கிவிடும். மோனோஸ்பேஸ், மோனோஸ்பேஸ் என்று இருமுறை எழுதி, அளவை 1 எம் (சுற்றியுள்ள எழுத்தின் அதே அளவு) ஆக்குங்கள். பக்கவாட்டில் உருளும் நிரல் பெட்டிக்கு, டேப் விசையால் அதை அடையச் செய்யும் டேப்-இன்டெக்ஸ் 0 கொடுங்கள். இல்லாவிட்டால் சில உலாவிகளில் விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்பவர் கட்டளையின் கடைசிப் பகுதியைப் பார்க்கவே முடியாது.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாட்டில் மயிரிழையில் தோற்பதுதான் அதிகம். சாதாரண எழுத்துக்கு இணைய அணுகல்தன்மை நெறிமுறையான டபிள்யூசிஏஜியின் ஏஏ நிலை கேட்பது 4.5:1. வெள்ளையில் #777777 கிட்டத்தட்ட 4.48 தரும், தேறாது, #767676 தேறும். அதையே நிரல் பெட்டியின் வெளிர்சாம்பல் பின்னணியில் வைத்தால் மறுபடி தோற்கும். நிரலின் குறிப்பு வரிகளுக்கு #595959 பாதுகாப்பானது. இணைப்புகளின் அடிக்கோட்டை எடுக்காதீர்கள். நிறம் பிரித்தறியாதவருக்கு அதுதான் அடையாளம்.

பக்கத்தின் மொழியைச் சொல்லும் லாங் பண்பு பெரும்பாலும் வார்ப்புருவின் ஆங்கிலக் குறியிலேயே இருக்கும். அதைத் தமிழின் குறியான 'டிஏ' என்று மாற்றாவிட்டால் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலில் தமிழைக் குதறலாம், அல்லது வாசிக்காமலே தாண்டலாம். நடுவில் வரும் ஆங்கிலத் தொடருக்கு அதன் குறியைத் தனியே இடுங்கள்.

கடைசியாக, 1280 பிக்சல் அகலச் சாளரத்தில் 400% பெரிதாக்கிப் பாருங்கள். அது 320 பிக்சல் அகலத்துக்குச் சமம். நிரலும் அட்டவணையும் தவிர எதுவும் பக்கவாட்டில் உருளக் கூடாது. நீண்ட சொல் வெளியே நீட்டினால் சொல்லை எங்கும் உடைக்கவிடும்படி ஓவர்ஃப்ளோ-ராப் பண்பை எனிவேர் ஆக்குங்கள். மேலே ஒட்டிநிற்கும் பட்டை பாதித் திரையை விழுங்கினால், அந்த அகலத்தில் அதை ஒட்டவிடாமல் எடுத்துவிடுங்கள்.