முதல் குயில்ட் பிளாக்: ஒன்பது துண்டுச் சதுரம் தைப்பது எப்படி?

குயில்ட் போர்வையின் மேல்பகுதி, பிளாக் எனப்படும் சின்னச் சதுரங்களை ஒன்றோடொன்று இணைத்துத் தைப்பதுதான். ஒரு பிளாக் கைவந்துவிட்டால் மற்றவை அதே வேலைதான்.

பருத்தித் துணியை இஸ்திரி போட்டு 3½ அங்குலச் சதுரங்களாக வெட்டுங்கள்: அடர் நிறத்தில் 5, வெளிர் நிறத்தில் 4. இழை ஓட்டம் பார்த்து நேராக வெட்ட வேண்டும். கிராஸாக வெட்டினால் தைக்கும்போது இழுபட்டுக் கோணிவிடும்.

இதில் எல்லாமே கால் அங்குலத் தையல் விளிம்பில்தான் (தையலுக்கும் துணியின் ஓரத்துக்கும் நடுவே விடும் இடம்) இருக்கிறது. மெஷின் பாதத்தின் ஓரம் சரியாகக் கால் அங்குலம் இருக்கும் என்று நம்பித்தான் என் முதல் பிளாக்கைத் தைத்தேன். கால் அங்குலம் குறைந்துவிட்டது! விளிம்பில் 1/16 அங்குலம் கூடினாலும் ஒரு தையலுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து 1/8 போகும். ஒரு வரிசையில் இரண்டு தையல், கணக்கு சரிதானே? அதனால் முதலில் 1½ அங்குல அகலப் பட்டைகள் மூன்றைச் சேர்த்துத் தைத்து, விரித்து இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி மெஷின் தட்டில் ஒரு டேப் ஒட்டி, அதை ஒட்டியே துணியை நகர்த்துங்கள்.

சரி, இனி மேசையில் அடுக்குங்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் அடர் நிறம், மிச்ச இடங்களில் வெளிர். ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், தைக்கும்போது துண்டு மாறாமல் இருக்கும். நல்ல பக்கங்கள் உள்ளே ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, வரிசைக்கு மூன்று துண்டுகளாக இணையுங்கள். தையல் நீளம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் போதும்.

மூன்று வரிசைகளிலும் தையல் விளிம்பை அடர் நிறத் துணிப் பக்கமே மடித்து இஸ்திரி போடுங்கள். பெட்டியைத் தேய்க்காமல் மேலிருந்து அழுத்தி எடுக்க வேண்டும். தேய்த்தால் துணி நீண்டுவிடும். இப்படி மடித்தால் மேல், கீழ் வரிசைகளில் விளிம்பு வெளிப்பக்கம் போகும், நடு வரிசையில் உள்பக்கம் வரும். வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்ததும் இரண்டு மடிப்பும் எதிரெதிராக வந்து பொருந்திக்கொள்வது விரலுக்கே தெரியும். அங்கே குண்டூசி குத்தித் தையுங்கள். ஊசி பக்கத்தில் வந்ததும் குண்டூசியை எடுத்துவிட வேண்டும், அதன்மேல் ஓட்டினால் மெஷின் ஊசி உடையலாம்.

கடைசியாக அளந்தால் 9½ அங்குலம் வர வேண்டும். மற்ற பிளாக்குகளோடு இணைத்த பிறகு அது 9 அங்குலம் ஆகிவிடும். கொஞ்சம் குறைந்திருந்தால் இழுத்து இஸ்திரி போட்டுச் சமாளிக்காதீர்கள், அந்தத் தையலைப் பிரித்துத் திரும்பத் தைப்பதே மேல்.