வாசல் கோலத்திலிருந்து ஒரு கணித ஆய்வு: தனியாகச் செய்து முடிக்கும் வழி

கேரளப் பள்ளிகளின் கணிதமேளாவில் ‘ஒற்றை புராஜெக்ட்’ என்று ஓர் இனம் உண்டு. அதற்கு வருகிறவற்றில் பல, பாஸ்கல் முக்கோணம், பிபனாச்சி, பை (π) எண்ணின் வரலாறு என்று எங்கிருந்தோ எடுத்தெழுதிய தொகுப்புகள்தான். தொடங்கும்போது விடை தெரியாத ஒரு கேள்வி, கையால் உண்டாக்கிய தரவு, உடைய வாய்ப்புள்ள ஓர் ஊகம், அதற்கு நிரூபணம் என்று நான்கும் இருந்தால்தான் அதை ஆய்வு என்று சொல்ல முடியும். பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்வழி மாணவர்களை மனதில் வைத்து, ஒரே கேள்வியை முதலிலிருந்து கடைசி வரை இங்கே நடத்திக் காட்டுகிறோம். எல்லைக்கு இந்தப் பக்கம் பொள்ளாச்சியில் இருப்பவர்களும் அப்படியே பின்பற்றலாம்.

கேள்வி எடுக்கும்போது ஒரே ஒரு சோதனை போதும்: முதல் பத்து விடைகளை ஒரே நாளில், பென்சிலும் தாளும் மட்டும் கொண்டு எடுக்க முடியுமா? முடியாதென்றால் கேள்வி பெரிது. ‘கோலங்களில் கணிதம்’ என்பது தலைப்பு மட்டுமே. ‘நேர்ப்புள்ளி வைத்துப் போடும் சிக்குக் கோலத்தில் எத்தனை தனித்தனிக் கம்பிகள் வரும்?’ என்பது கேள்வி. கம்பி என்பது தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் ஒரு தொடர் கோடு. சில கோலங்களைக் கை எடுக்காமல் ஒரே கம்பியில் முடித்துவிடலாம், சிலவற்றை முடியாது. எப்போது முடியும் என்பதைப் புள்ளிகளின் எண்ணிக்கையை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியுமா?

முதல் வேலை, விதியை இறுக்குவது. வீட்டில் பாட்டி போடும் கோலத்தில் கம்பி அவர் விரும்பிய இடத்தில் வளையும். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் எண்ண முடியாது. ஆகவே ஆய்வுக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கிராஃப் தாளில் 2 செ.மீ. இடைவெளியில் m நிரல், n நிரை புள்ளிகள். ஓரப் புள்ளிகளிலிருந்து 1 செ.மீ. தள்ளிச் சுற்றிலும் ஒரு செவ்வகச் சட்டம். ஓரப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரே சட்டத்தில் ஒரு தொடுபுள்ளி. மூலையில் இருக்கும் புள்ளிக்கு இரண்டு வரும், மொத்தம் 2(m+n). ஒரு தொடுபுள்ளியில் தொடங்கி 45 பாகையில் நேராகப் போங்கள். அடுத்தடுத்த இரு புள்ளிகளின் நடுவே கம்பி புகுந்து போகும். சட்டத்தில் முட்டினால், கேரம் போர்டில் காய் திரும்புவதுபோல் அதே கோணத்தில் திரும்புங்கள். தொடங்கிய இடத்துக்கு வந்தால் ஒரு கம்பி முடிந்தது. தொடாத தொடுபுள்ளி மிச்சம் இருந்தால் அங்கிருந்து வேறு நிறப் பேனாவில் அடுத்த கம்பி. முனைகளை வளைத்துவிட்டால் வாசலில் பார்க்கும் சிக்குக் கோலமேதான்.

இனி தரவு. 1 முதல் 6 வரை எல்லாச் சோடிகளும் வேண்டும். 2×3-ஐத் திருப்பினால் 3×2 ஆகிவிடும் என்பதால் 21 கோலங்கள் போதும். ஒவ்வொன்றையும் தனித் தாளில் போட்டுத் தேதி எழுதுங்கள். தப்பாகப் போனதைக் கிழிக்காமல் குறுக்குக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், நடுவர் கேட்பார். இங்கே வழக்கமாக நேரும் பிழை, கம்பி வெட்டும் இடத்தில் திசை மாறி அடுத்த கம்பியில் ஏறிவிடுவது. அதைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: வெட்டும் இடங்களின் எண்ணிக்கை எப்போதும் 2mn − m − n. அதாவது 2×3 கோலத்தில் 7. உங்கள் எண்ணிக்கை மாறினால் அந்தத் தாளை மறுபடி போடுங்கள். இந்தச் சூத்திரம் எப்படி வந்தது என்பதையும் அறிக்கையில் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிச் சோடிகளை எண்ணினாலே வந்துவிடும்.

ஊகத்தை அவசரப்படாமல், ஆனால் தரவு முழுதும் வரும் முன்பே எழுதத் தொடங்குங்கள். 1×1, 2×2, 3×3 போட்டதும் ‘சதுரமானால் n கம்பி, இல்லாவிட்டால் ஒன்று’ என்று தோன்றும். 2×3, 3×4 அதை ஆதரிக்கும். 2×4-இல் இரண்டு கம்பி வந்து உடைந்துபோகும். அடுத்து ‘சதுரமல்லாததில் இரண்டும் இரட்டை எண்ணானால் இரண்டு, இல்லாவிட்டால் ஒன்று’ என்று திருத்துவீர்கள். 3×6-இல் மூன்று வரும். இப்படி உடைந்த ஊகங்களையும் அவற்றை உடைத்த எதிர் எடுத்துக்காட்டுகளையும் அறிக்கையில் வரிசையாக வையுங்கள். அந்தப் பக்கம்தான் வேலை உங்களுடையது என்பதற்குச் சாட்சி. பலர் வெட்கப்பட்டு அதைத்தான் முதலில் நீக்குகிறார்கள். கடைசியில் நிற்பது: கம்பிகளின் எண்ணிக்கை m, n இரண்டின் மீப்பெரு பொது வகுத்தி.

இந்த இடத்தில் கணினியைத் துணைக்கு அழைக்கலாம். ஐசிடி (தகவல் தொழில்நுட்ப) பாடத்தில் படித்த பைத்தான் போதும். கம்பியின் இடத்துக்கு இரண்டு எண், திசைக்கு இரண்டு எண். ஒவ்வோர் அடியிலும் இடம் 1 கூடும் அல்லது குறையும். சட்டத்தைத் தொட்டால் அந்தத் திசையின் குறி மாறும். தொட்ட இடங்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். முப்பது வரை 465 சோடிகளையும் கணினி சட்டென்று முடித்துவிடும். ஆனால் 465 சோடி ஒத்துவந்தது என்பது நிரூபணம் ஆகாது. அதை ‘சரிபார்ப்பு’ என்ற தலைப்பில் மட்டும் போடுங்கள்.

நிரூபணத்துக்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். ஓணப் பரீட்சைக்குப் பிறகு வரும் பத்து நாள் விடுமுறை இதற்குத் தோதானது.

அரை இடைவெளியை (1 செ.மீ.) ஓர் அலகாக வையுங்கள். சட்டத்தின் அகலம் 2m, உயரம் 2n. கம்பி 45 பாகையில் போவதால் ஒவ்வோர் அடியிலும் கிடையாக ஓர் அலகு, செங்குத்தாக ஓர் அலகு நகரும். இரண்டையும் பிரித்துப் பாருங்கள். கிடையாக இடச் சுவரில் புறப்பட்டு வலச் சுவரைத் தொட்டுத் திரும்ப 4m அடி. செங்குத்தாக ஒரு முழுச் சுற்றுக்கு 4n அடி. கம்பி தொடங்கிய இடத்துக்கு அதே திசையில் திரும்ப வேண்டுமானால் அடிகளின் எண்ணிக்கை இரண்டுக்கும் பொது மடங்காக வேண்டும். மிகச் சிறியது 4m, 4n ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு. அதை 4m-ஆல் வகுத்தால் ஒரு கம்பி இடச் சுவரை எத்தனை முறை தொடுகிறது என்று வரும். m, n-இன் மீப்பெரு பொது வகுத்தியை g என்றால் அது n/g. இடச் சுவரில் மொத்தம் n தொடுபுள்ளிகள். ஆக, கம்பிகள் n ÷ (n/g) = g.

எண் போட்டுப் பாருங்கள்: m=4, n=6. சுற்றுகள் 16, 24. மீச்சிறு பொது மடங்கு 48. ஒரு கம்பி இடச் சுவரை 48/16 = 3 முறை தொடும். தொடுபுள்ளிகள் 6. கம்பிகள் 2.

முடிந்ததுபோல் தோன்றும், முடியவில்லை. ஒரு சுற்றுக்குள் ஒரே தொடுபுள்ளிக்கு அந்தக் கம்பி எதிர்த்திசையில் இரண்டாம் முறை வந்துவிட்டால்? அப்போது n/g என்ற கணக்கு இரட்டிப்பாகிக் கெட்டுவிடும். கெட்டிக்கார நடுவர் விரல் வைக்கும் இடம் இது. இதை அடைக்க ஒற்றைப்படை, இரட்டைப்படை பார்த்தாலே போதும். தொடுபுள்ளியின் உயரம் y ஒற்றை எண். எதிர்த்திசையில் அதே உயரத்துக்கு வர, நடந்த அடிகளோடு 2y சேர்ந்து 4n-இன் மடங்காக வேண்டும். நடந்த அடிகளோ 4m-இன் மடங்கு. எனவே 2y நான்கால் வகுபட வேண்டும். y ஒற்றை என்பதால் அது நடக்காது. இந்த ஐந்து வரியைத் தானே கண்டுபிடிப்பவருக்கு வாரக்கணக்கில் ஆகலாம், ஆகட்டும்.

அடுத்து நேர்மையான ஒரு விஷயம். இந்த முடிவு முன்பே அறியப்பட்டது. கோலங்களைக் கணித நோக்கில் பார்க்கும் வேலையைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் பணியாற்றியவர்களும் 1970களிலேயே செய்தார்கள். ஆப்பிரிக்க மணற்கோலங்களில் இதே மீப்பெரு பொது வகுத்தி வருவதைப் பவுலஸ் கெர்டெஸ் என்ற கணித ஆய்வாளர் எழுதியிருக்கிறார். ‘நான் கண்டுபிடித்தேன்’ என்று எழுதாமல், ‘அறியப்பட்ட முடிவை நானாக அடைந்து நிரூபித்தேன்’ என்று எழுதுங்கள். பிறகு அதைத் தாண்டி ஒரு படி போங்கள்.

அந்தப் படிக்கு எங்கள் பரிந்துரை: வெட்டும் இடம் ஒன்றில் கம்பிகளை அறுத்து, வெட்டாதபடி இரண்டு வளைவாக ஒட்டுங்கள். வெவ்வேறு கம்பிகள் வெட்டும் இடமானால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரே கம்பி தன்னையே வெட்டும் இடமானால், ஒட்டும் விதத்தைப் பொறுத்து இரண்டாகும் அல்லது ஒன்றாகவே இருக்கும். ஓர் அறுப்பு எண்ணிக்கையை ஒன்றுக்கு மேல் குறைக்காது என்பதால், g கம்பிக் கோலத்தை ஒற்றைக் கம்பியாக்கக் குறைந்தது g−1 அறுப்பு வேண்டும். g−1 போதுமா என்பதுதான் உங்கள் கேள்வி. எந்தக் கம்பியும், கம்பிகளின் எந்தக் கூட்டமும் மற்றவற்றை வெட்டாமல் தனியே நிற்காது என்று காட்டினால் விடை வந்துவிடும். 3×3-இல் இரண்டே அறுப்பில் முடித்துப் பாருங்கள். ஊடுபுள்ளிக் கோலத்துக்கும் நடுவில் புள்ளி விட்ட கோலத்துக்கும் உடனே தாவ வேண்டாம். அங்கே விதியை இறுக்குவதற்கே மாதங்கள் போய்விடும்.

அறிக்கை பத்துப் பன்னிரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கேள்வி, விதி, 21 விடைகளின் அட்டவணை, உடைந்த ஊகங்கள், தேற்றம், நிரூபணம், விரிவு, யாரிடம் என்ன உதவி பெற்றீர்கள் என்ற ஒரு பத்தி. டீச்சர் ஒரு பிழையைச் சுட்டினார் என்றால் அதையும் எழுதுங்கள். நிரூபணத்தை வகுப்புத் தோழர் ஒருவரிடம் கொடுத்து, எங்கே நின்றார் என்று மட்டும் கேளுங்கள். நின்ற இடத்தில் ஒரு வரி குறைகிறது.

உபஜில்லா (துணை மாவட்ட) மேளாவில் நடுவர் மலையாளத்தில் கேட்க வாய்ப்பு அதிகம். உ.சா.க., ல.சா.கு. என்று அவர் சொல்வது மீப்பெரு பொது வகுத்தியும் மீச்சிறு பொது மடங்கும்தான். மேசையில் இரண்டு மொழிச் சொற்களையும் எழுதிய ஒரு தாள் இருக்கட்டும். அச்சிட்ட பெரிய கோலத்தைவிட வெற்றுக் கிராஃப் தாளும் நான்கு நிறப் பேனாவும் அதிகம் உதவும். ‘5×10 போட்டால் எத்தனை?’ என்று கேட்டதும் ‘ஐந்து’ என்று சொல்லிவிட்டு, அவர் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள். 85 வெட்டு என்பதால் நேரம் பிடிக்கும். அவசரமானால் 4×6 எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள்.