உப்பும் பனிக்கட்டியும்: விளக்கத்திலும் சோதனையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பனிக்கட்டியின் மேல் உப்பைத் தூவினால் அது விரைவாக உருகும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஏன் என்று கேட்டால், உப்பு சூட்டைக் கிளப்புகிறது என்ற விடை அடிக்கடி வருகிறது. முதலில் கைவிட வேண்டிய தவறு இதுதான். சமையல் உப்பு நீரில் கரையும்போது வெப்பத்தை வெளிவிடுவதில்லை. சிறிதளவு உறிஞ்சவே செய்கிறது. 0 டிகிரி செல்சியஸில் பனிக்கட்டியின் பரப்பிலிருந்து நீர் மூலக்கூறுகள் பிரிந்து போவதும், நீரிலிருந்து அவை திரும்பி வந்து கட்டியில் ஒட்டிக்கொள்வதும் ஒரே வேகத்தில் நடக்கின்றன. பரப்பின் மேலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் உப்பு கரைந்ததும், திரும்பி வந்து ஒட்டும் வேகம் குறைந்துவிடுகிறது. பிரிந்து போகும் வேகமோ குறைவதில்லை. கட்டி கரைவதற்குக் காரணம் இந்த ஏற்றத்தாழ்வே.

உருகுகிறது என்பதால் கலவை சூடாகிறது என்று எண்ணுவதும் தவறு. ஒரு கிராம் பனிக்கட்டி உருக ஏறத்தாழ 334 ஜூல் வெப்பம் தேவைப்படுகிறது. அது வெளியிலிருந்து உடனே வந்து சேராததால், கலவை தன்னிடமுள்ள வெப்பத்தையே செலவிட்டு மேலும் குளிர்ந்துபோகிறது. சர்க்கரை சேர்ந்த பால் 0 டிகிரிக்குக் கீழேதான் உறையத் தொடங்கும் என்பதால், குல்ஃபி அச்சுகளை வெறும் ஐஸில் புதைத்தால் போதாது. ஐஸோடு கல் உப்பும் வேண்டும்.

வகுப்பில் இதைச் செய்துகாட்ட ஓர் எவர்சில்வர் டம்ளர் போதும். நொறுக்கிய ஐஸை மட்டும் நிரப்பினால் டம்ளரின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் அரும்பும். உப்பைச் சேர்த்துக் கிளறினால், சிறிது நேரத்தில் அதே இடத்தில் வெண்ணிறமாக உறைபனி படியும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதன் அளவுகோல் 35 டிகிரியை ஒட்டித்தான் தொடங்குகிறது. பள்ளி ஆய்வகங்களில் உள்ள பல வெப்பமானிகள் −10 டிகிரியோடு நின்றுவிடுகின்றன. நன்றாகக் கலந்த உப்பு ஐஸ் அதற்கும் கீழே போகக்கூடியது என்பதால், −10இல் நின்ற அளவைக் கலவையின் உண்மையான வெப்பநிலை என்று குறித்துவைப்பது பிழையாகிவிடும்.

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இன்னொன்று உண்டு. அறை வெப்பநிலையில் ஒரு கண்ணாடிக் குவளையில் நல்ல தண்ணீரும் இன்னொன்றில் உப்புக் கரைசலும் எடுத்துக்கொண்டு, இரண்டிலும் ஒரே அளவுள்ள ஐஸ் கட்டியைப் போட்டால், உப்பு நீரில் இருப்பதே முதலில் உருகும் என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். கலக்காமல் விட்டால் நடப்பது நேர்மாறானது: நல்ல தண்ணீரில் உள்ள கட்டிதான் முந்திக்கொள்கிறது. கட்டிகளை உறையவைக்கும்போதே நீரில் சிறிது நிறம் சேர்த்திருந்தால் காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். நல்ல தண்ணீரில், உருகிய குளிர்நீர் சாயக் கோடுகளாக அடிநோக்கி இறங்க, அந்த இடத்துக்கு வெதுவெதுப்பான நீர் வந்து கட்டியைத் தொடுகிறது. உப்புக் கரைசலோ அடர்த்தி மிக்கது. உருகிய நன்னீர் அதில் இறங்க முடியாமல் மேலேயே நிறப்படலமாகத் தங்கி, கட்டியைக் குளிருக்குள்ளேயே பொதிந்து வைக்கிறது. அங்கு வேகத்தைத் தீர்மானிப்பது, உப்பால் நீரின் உறைநிலை (அது உறையும் வெப்பநிலை) தாழ்வது அன்று, நீரோட்டமே. உப்புத் தூவும் சோதனையையும் இதையும் ஒன்றென்று கொண்டு விளக்கம் எழுதும் மாணவர், கண்ட முடிவையே சந்தேகிக்க நேரிடும். ஆசிரியர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

உப்பைக் கூட்டிக்கொண்டே போனால் குளிரும் கூடிக்கொண்டே போகும் என்பதும் சரியன்று. எடையில் சுமார் 23 விழுக்காடு உப்புள்ள கரைசல்தான் மிகத் தாழ்ந்த வெப்பநிலையில், அதாவது −21 டிகிரியில், உறைகிறது. மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு என்பது ஏறக்குறைய இந்த அளவுதான். அதற்கு மேல் கொட்டுவது வீண்.

குளிர்நாடுகளில் சாலைப் பனிமேல் உப்புத் தூவுவதற்கும் எல்லை இதுவே. −21 டிகிரிக்குக் கீழே சமையல் உப்பால் பயனில்லை. நடைமுறையில் −10ஐ நெருங்கும்போதே அது மிக மெதுவாகத்தான் வேலைசெய்கிறது. அத்தகைய கடுங்குளிரில் கால்சியம் குளோரைடைப் பயன்படுத்துகிறார்கள். அது கரையும்போது உண்மையாகவே வெப்பம் வெளியாகிறது. அந்த இயல்பைச் சமையல் உப்பின் மேல் ஏற்றிச் சொல்லக் கூடாது. உறைநிலையைக் குறைப்பது உப்புக்கு மட்டும் உரிய பண்பும் அன்று. சர்க்கரையும் குறைக்கும், ஆனால் அதன் மூலக்கூறு கனமானது, கரைந்தாலும் ஒன்றாகவே இருப்பது. உப்போ சோடியம், குளோரைடு என இரண்டு அயனிகளாகப் பிரிவதால், ஒரே எடைக்குச் சர்க்கரையைப் போல் சுமார் 12 மடங்கு பலன் தருகிறது.

எல்லாவற்றையும்விடக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியது, உப்புக் கலந்த ஐஸை வெறுங்கையில் பிடிப்பது. வெறும் ஐஸைத் தொட்டுப் பழகிய பிள்ளைகள் இதையும் அவ்வாறே எண்ணிவிடுகிறார்கள். உறைநிலைக்கு மிகவும் கீழே உள்ள இந்தக் கலவை சில நிமிடங்களிலேயே தோலை உறையவைத்துக் கொப்புளமும் புண்ணும் உண்டாக்கக்கூடும். தோல் மரத்துப்போவதால் வலியும் உடனே தெரியாது. எனவே கிளற நீண்ட மரக்கரண்டியையும், டம்ளரைத் தூக்கத் தடித்த உலர்ந்த துணியையும் சோதனை தொடங்கும் முன்பே மேசைமேல் எடுத்துவைத்துவிட வேண்டும்.