பழைய காதல் காமெடிப் படங்களை வீட்டோடு உட்கார்ந்து பார்ப்பது எப்படி?

"பழைய படம் ஒன்று போடலாமா" என்று கேட்டுப் பாருங்கள். அம்மாயி சட்டென்று வந்து உட்காருவார், காலேஜ் படிக்கிற பிள்ளை போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடும். அந்தப் பிள்ளையைக் கடைசி வரை உட்கார வைக்கிற படங்கள் தமிழில் நிறைய இருக்கின்றன. தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாட்டு நன்றாக இருக்கும், அந்த ஹீரோவைப் பிடிக்கும் என்று எதையாவது போட்டால் அரை மணி நேரத்தில் ஹால் காலியாகிவிடும்.

நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயத்தை. காமெடியைக் கத்தரித்து எடுத்துவிட்டாலும் அந்தக் காதல் கதை அப்படியே நிற்குமா? நிற்கும் என்றால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த ஏராளமான படங்களில் கதை ஒரு பக்கம் ஓடும், காமெடி டிராக் இன்னொரு பக்கம் தனியாக ஓடும். அந்தக் காமெடி அருமையாகவே இருக்கும், ஆனால் அதை டிவியில் துண்டு துண்டாகப் போடும்போது பார்த்துக்கொள்ளலாம், அதற்காக முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. காதலே சிரிப்பாக இருக்கிற படம் வேறு. அதில் யாரோ ஒருவர் காதலுக்காக ஒரு பொய் சொல்வார், அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய், அதைக் காப்பாற்ற ஒரு ஆளையே புதிதாக உருவாக்க வேண்டியிருக்கும், கதை முழுக்க அந்தப் பொய்யின் மேல்தான் ஓடும். இந்த வகைப் படத்துக்கு வயசே ஆவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள், ஏமாறுகிறவர் யார் என்று. பெரும்பாலும் பெண்ணின் அப்பாவாகவோ முதலாளியாகவோ இருப்பார். அந்த அப்பா வெறும் வில்லனாக உறுமிக்கொண்டிருந்தால் படம் சுமார்தான். அவருக்கென்று ஒரு ஆசை, ஒரு கிறுக்கு, ஒரு பயம் இருந்தால் அது தேறிய படம். ஹீரோவை விட அப்பா வேஷத்தில் யார் நடித்திருக்கிறார் என்று பார்த்துப் படத்தை எடுங்கள், பெரும்பாலும் ஏமாற மாட்டீர்கள்.

முதல் படம் 'காதலிக்க நேரமில்லை'. 1964, ஸ்ரீதர் இயக்கம், கதை வசனத்தில் அவரோடு சித்ராலயா கோபு. எல்லாரும் சொல்கிற பெயர்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள், எல்லாரும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கலர் படம் என்பதால் சின்னப் பிள்ளைகளிடம் முதல் எதிர்ப்பு வராது. ரவிச்சந்திரனுக்கும் காஞ்சனாவுக்கும் அதுதான் முதல் படம், அந்தப் புதுசு முகத்தில் தெரியும். வேலை போன ரவிச்சந்திரன், டி.எஸ்.பாலையா பங்களா வாசலிலேயே கூடாரம் போட்டு வேலை கேட்டுப் பாட்டுப் பாடுகிறார். அப்புறம் பாலையாவின் மகளைக் கல்யாணம் செய்துகொள்ள, தான் பெரிய பணக்காரர் வீட்டுப் பையன் என்று ஒரு புளுகு, அந்தப் பணக்கார அப்பாவாக வேஷம் கட்டி வரும் நண்பன் முத்துராமன், அந்த நண்பன் காதலிக்கிற பெண்ணோ பாலையாவின் இன்னொரு மகள். இந்த முடிச்சுக்கெல்லாம் நடுவில் பாலையா நிற்கிறார். அவருக்குப் பணக்காரச் சம்பந்தம் என்றால் உயிர். அந்த ஒரு ஆசையால்தான் அவர் எல்லாவற்றையும் நம்புகிறார், நாமும் அவர் நம்புவதை நம்புகிறோம்.

பாலையாவின் மகனாக வரும் நாகேஷ் அவருக்குப் பேய்க் கதை சொல்கிற காட்சி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தாலும் இந்த முறை நாகேஷைப் பார்க்காமல் பாலையாவையே பாருங்கள். நாகேஷ் வாயாலேயே கதவுச் சத்தம், காலடிச் சத்தம் எல்லாம் போடுகிறார், பாலையா ஒன்றுமே பேசாமல் முகத்தாலேயே அந்தப் படம் முழுவதையும் ஓட்டிக் காட்டுகிறார். பயப்படுகிறவர் இல்லாமல் அந்தப் பேய் இல்லை. வீட்டில் சொந்தமாக ரீல்ஸ் எடுக்கிற பிள்ளை இருந்தால், சொந்தமாக சினிமா கம்பெனி வைத்துக்கொண்டு அப்பாவிடம் காசு கேட்டு அலைகிற இந்த நாகேஷ் அவர்களுக்கு உடனே பிடித்துவிடும்.

அந்தப் படம் வேலை செய்துவிட்டால் அடுத்தது கறுப்பு வெள்ளைக்குப் போகலாம், அதற்கு முன்னால் வேண்டாம். 'மிஸ்ஸியம்மா' (1955) போடுங்கள். எல்.வி.பிரசாத் இயக்கியது, தெலுங்கில் என்.டி.ராமராவ், தமிழில் ஜெமினி கணேசன், இரண்டிலும் சாவித்திரி. கணவன் மனைவியாக இருக்கும் ஆசிரியர்கள்தான் வேண்டும் என்று ஒரு ஊரில் கேட்கிறார்கள், வேலை கிடைத்தால் போதும் என்ற நிலையில் இருக்கிற ஒரு இந்துப் பையனும் ஒரு கிறிஸ்தவப் பெண்ணும் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி அங்கே போய்ச் சேருகிறார்கள். இன்றைக்கு யாராவது வெப் சீரிஸாக எடுத்தால்கூட ஓடும். சாவித்திரிக்கு முதலில் அதில் இரண்டாவது வேஷம்தான், கதாநாயகியாக இருந்த பானுமதி விலகியதால் இவருக்கு வந்தது. கோபம்தான் அந்த நடிப்பின் உயிர். வீட்டுக்காரர்கள் முன்னால் சிரிக்க வேண்டும், அவர்கள் திரும்பியதும் ஜெமினியை முறைக்க வேண்டும், அப்புறம் ஜெமினி அந்த வீட்டுப் பெண் ஜமுனாவுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது பொறாமையை வெளியே காட்டாமல் காட்ட வேண்டும். 'வாராயோ வெண்ணிலாவே' பாட்டைத் தனியாக எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். படத்தில் அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் இருவரும் நிலாவிடம் ஒருவரைப் பற்றி ஒருவர் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது சுவையாகத் தெரியும்.

இதுவும் பிடித்துவிட்டால் 'அடுத்த வீட்டுப் பெண்' (1960) தயங்காமல் போடலாம். பாடத் தெரியாத டி.ஆர்.ராமச்சந்திரனுக்காக நண்பன் மறைந்திருந்து பாடுவதும் இவர் வாயசைப்பதும்தான் கதை. மூலம் ஒரு வங்காளக் கதை, அதையேதான் பின்னால் இந்தியில் 'படோசன்' என்று எடுத்தார்கள்.

எம்.ஜி.ஆர். ரசிகர் வீடு என்றால், எங்கள் சேலத்தில் அப்படி வீடுகள் நிறையவே உண்டு, 'அன்பே வா' (1966) சரியாக இருக்கும். தன் பங்களாவிலேயே தான் யார் என்று சொல்லாமல் வாடகைக்குத் தங்குகிற முதலாளி, அங்கே குடியிருக்கிற சரோஜாதேவி. எம்.ஜி.ஆர். இவ்வளவு லேசாக, விளையாட்டாக நடித்த படம் குறைவு.

அப்புறம் 'தில்லு முல்லு' (1981). இந்தி 'கோல்மால்' படத்தைத் தழுவி கே.பாலசந்தர் எடுத்தது. மீசை இல்லாதவனை நம்பாத முதலாளி தேங்காய் சீனிவாசன், மாட்டிக்கொண்டதும் எனக்கு மீசையில்லாத தம்பி ஒருத்தன் இருக்கிறான் என்று சொல்லிவிடுகிற ரஜினி, பொய் அம்மாவாக வந்து சேரும் சௌகார் ஜானகி. ரஜினி ஸ்டைலை மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள். அதே வருஷம் பாக்யராஜின் 'இன்று போய் நாளை வா'. எதிர் வீட்டுப் பெண்ணை மடக்க மூன்று நண்பர்கள் அந்த வீட்டுப் பெரியவர்களை ஆளுக்கு ஒருவராகப் பிடித்துக்கொள்கிற கதை, இந்தி வகுப்புக் காட்சிக்காகவே பார்க்கலாம். பெண் பார்க்கப் போனவன் வீடு மாறிப் போய்விடுகிற 'ஆண் பாவம்' (1985) படத்தில் வி.கே.ராமசாமியை விட்டுவிடாதீர்கள். தொண்ணூறுகளுக்கு 'உள்ளத்தை அள்ளித்தா' (1996) ஒன்று போதும், அதில் கவுண்டமணி தனி டிராக்கில் இல்லை, கார்த்திக்கோடு சேர்ந்து அதே பெண்ணுக்கு அடித்துக்கொள்கிறார். மணிவண்ணன் இரட்டை வேடத்தில் வந்த பிறகு படம் நிற்பதே இல்லை.

நம்ம ஊர்ப் படம் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்பீர்கள். ஏற்காடு ரோட்டில் நுழைவாயில் வளைவு மட்டும் மிச்சமிருக்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ, டி.ஆர்.சுந்தரம் காலத்தில் மாயாஜாலத்துக்கும் மர்மத்துக்கும் சண்டைக்கும் பேர் வாங்கியது, காதல் காமெடி அவர்கள் பக்கம் அதிகம் இல்லை. இருந்தாலும் 1956இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம், அதில் பானுமதி இருக்கும் காட்சிகளைப் பாருங்கள். எம்.ஜி.ஆரை விட ஒரு படி மேலே நின்று பேசுகிற தைரியம் அவருக்கு மட்டும்தான். அது சேலத்தில் உருவான படம் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

இனி போடுகிற விதம். முதலில் பிரிண்ட். உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களே யூடியூபில் பல படங்களை முழுசாக ஏற்றியிருக்கின்றன. ஒரே படம் இரண்டு மூன்று இடத்தில் இருந்தால் நீளத்தைப் பாருங்கள், குறைந்திருந்தால் பாட்டையோ காட்சியையோ வெட்டியிருப்பார்கள், நீளமானதையே எடுங்கள். டிவியில் படம் இழுத்துவிட்ட மாதிரி எல்லாரும் குண்டாகத் தெரிந்தால், ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றுகிற இடத்துக்குப் போய் 4:3 என்று வையுங்கள். இரண்டு பக்கமும் கறுப்பாகத்தான் இருக்கும், பரவாயில்லை, அந்தக் காலத்துப் படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்த சட்டகமே அதுதான். திரை முழுக்க வர வேண்டும் என்று பெரிதாக்கினால் தலையும் காலும் வெட்டுப்படும், பாலையாவின் கையும் காலும் நடிப்பதைப் பார்க்க முடியாது. சத்தத்தில் பாஸை, அதாவது தும் தும் என்று அதிர்கிற தாழ்ந்த ஒலியை, குறைத்துவிடுங்கள். இந்தப் படங்களில் வசனம்தான் பாதிப் படம், பழைய ஒலிப்பதிவில் பாஸை ஏற்றினால் குரல் அமுங்கிவிடும்.

இடைவேளை விடுங்கள். தட்டுவடை செட் வாங்கி வைத்திருந்தால் அதை இடைவேளைக்கே வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் ஒன்றாகத் தட்டுவடை கடிக்கும்போது நாகேஷ் என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்காது.

ஏற்காட்டில் ஒரு நாள் தங்கி, மழையில் வெளியே போக முடியாமல் அறைக்குள் உட்காருகிற நேரம் இந்தப் படங்களுக்கு மிகவும் பொருத்தம். ஆனால் அங்கே போய்த் தேடிக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். மழை பிடித்தால் கரண்டும் போகும், சிக்னலும் போகும். சேலத்தில் இருக்கும்போதே ஆப்பிலேயே டவுன்லோட் செய்து, ஒரு முறை நெட்டை அணைத்துவிட்டு ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முழு சார்ஜில் ஒரு லேப்டாப், கம்பி வைத்த ஒரு ஸ்பீக்கர் போதும். புளூடூத் ஸ்பீக்கரில் சில சமயம் உதடு முன்னால் போகும், குரல் பின்னால் வரும், காமெடிக்கு அது ஆகவே ஆகாது. ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் அறைக்கு வந்துவிடுங்கள்.

உறுத்துகிற இடங்களும் வரும். பெண்ணைப் பின்தொடர்வது, வேண்டாம் என்று சொன்ன பிறகும் விடாமல் நிற்பது, நிறத்தையும் உருவத்தையும் வைத்து அடிக்கிற கிண்டல், இதெல்லாம் எண்பது தொண்ணூறுகளில் அதிகம். வீட்டில் பெண் பிள்ளைகள் இருந்தால் "அந்தக் காலத்தில் அப்படித்தான்" என்று வாயை அடைக்காதீர்கள், அவர்கள் சொல்வது சரி என்று ஒத்துக்கொண்டு மேலே பாருங்கள். இந்த விஷயத்தில் 1955இன் மிஸ்ஸியம்மா பின்னால் வந்த பல படங்களை விட நாகரிகமானது, அதில் முடிவெடுப்பது பெரும்பாலும் சாவித்திரிதான். அதனால் யாரோடு பார்க்கிறீர்கள் என்பதை வைத்து வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். பதின்மூன்று பதினாலு வயதுப் பெண் பிள்ளை இருக்கிற வீட்டில் காதலிக்க நேரமில்லைக்கு அடுத்து மிஸ்ஸியம்மா, ஆண் பிள்ளைகள் கூட்டமாக இருந்தால் அடுத்து தில்லு முல்லு. உள்ளத்தை அள்ளித்தாவை எல்லாரும் பழகிய பிறகு கடைசியில் வையுங்கள், அதைப் பார்த்தவுடன் கறுப்பு வெள்ளைக்குத் திரும்பச் சொன்னால் பிள்ளைகள் வரமாட்டார்கள்.