பச்சிளங்குழந்தைக்கு எச்.ஐ.வி. விரைவுப் பரிசோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

'விரைவுப் பரிசோதனை' என்ற ஒரே பெயர் இரு வேறு சோதனைகளுக்கு வழங்குவதே முதல் குழப்பம். பெரியவர்களுக்குச் செய்யப்படும் பட்டைச் சோதனை, வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடுகிறது. தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தையை அடைந்து 18 மாதம் வரை கூடத் தங்கக்கூடும் என்பதால், கைக்குழந்தையிடம் அச்சோதனை காட்டும் 'பாசிட்டிவ்' தாயின் தொற்றைத்தான் உறுதியாகச் சொல்கிறது. அதை வைத்துக் குழந்தைக்குத் தொற்று என்று அறிவிப்பது அந்தத் தாய்க்கு இழைக்கும் கொடுமை. குழந்தைக்கு வேண்டியது வைரஸின் மரபணுப் பொருளையே தேடும் நியூக்ளிக் அமிலப் பரிசோதனை. குதிகாலில் குத்தி எடுக்கும் சில துளி இரத்தத்தைக் கொண்டு, சிகிச்சையிடத்திலேயே ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிவு தரும் கருவிகள் இதற்கு உள்ளன. இரத்தம் எடுக்கும்போது குதிகாலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து மாதிரி நீர்த்துவிடும். கருவி 'பிழை' என்று காட்டினால் அது 'நெகட்டிவ்' ஆகாது. சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.

பாசிட்டிவ் என்று வந்தபின், உறுதிப்படுத்தும் முடிவு வரட்டும் என்று மருந்தைத் தள்ளிப்போடுவதையே மிகக் கொடிய தவறாகக் கருதுகிறேன். சிகிச்சை பெறாத குழந்தைகளின் மரணம் முதல் சில மாதங்களிலேயே உச்சத்தைத் தொடுகிறது. தென்னாப்பிரிக்காவில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், 12 வாரத்துக்குள் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தொடங்கிய குழந்தைகளிடையே, சிகிச்சை தாமதிக்கப்பட்டவர்களைவிட இறப்பு 76 சதவீதம் குறைந்திருந்தது. எனவே இரண்டாவது மாதிரியை எடுத்துக்கொண்டு, அதன் முடிவுக்குக் காத்திராமல், அன்றே மருந்தைத் தொடங்குவதுதான் முறை. காத்திருக்க வைத்தால் கருவியின் வேகத்தால் குழந்தைக்கு ஒரு பயனும் இல்லை.

ஆறாவது வாரச் சோதனையில் நெகட்டிவ் வந்ததும் இனிச் சோதனை வேண்டாம் என்று விட்டுவிடுவது இதற்கு நேரெதிரான தவறு. கருவிலோ பிரசவத்திலோ தொற்றவில்லை என்பதை மட்டுமே அம்முடிவு உணர்த்துகிறது. அதுவும், தாயிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றாமலிருக்கத் தரும் தடுப்பு மருந்தைக் குழந்தை உட்கொண்டிருந்தால் வைரஸ் மிகக் குறைந்து சோதனைக்குத் தப்பிவிடவும் கூடும். தாய்ப்பால் தொடரும் வரை தொற்றுக்கான வாய்ப்பும் தொடர்கிறது. அதற்காகப் பாலை நிறுத்தச் சொல்வது தவறு. தாய் தன் மருந்தை விடாமல் உட்கொள்வதே குழந்தைக்குப் பெரும் பாதுகாப்பு. ஒன்பதாவது மாதத்தில் மறுபரிசோதனை, 18-ஆவது மாதத்தில் அல்லது தாய்ப்பால் நிறுத்தி மூன்று மாதம் கழித்து, இவற்றில் எது பிந்தியதோ அப்போது இறுதிப் பரிசோதனை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இடையில் குழந்தை நோயுற்றாலோ எடை கூடாமல் தேங்கினாலோ, குறித்த நாள் வரை காத்திராமல் உடனே சோதிக்க வேண்டும்.